எனக்காக நிற்கிற வேன்

அந்த வெள்ளை வேன் மூன்றாவது நாளும் நான் ரோட்டைக் கடக்கிற வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் வந்து நின்றபோது எனக்குச் சந்தேகம் தட்டியது. பெருமாநல்லூர் ரோட்டில் காலை எட்டேகால் மணிக்கு ஒரு வண்டி நின்றால் ஒன்று டயர் பஞ்சராகியிருக்க வேண்டும், இல்லையென்றால் முன்னால் மறியல் நடக்க வேண்டும். ரோட்டைக் கடக்கிற ஒரு பொம்பளைக்காக எவன் நிறுத்தியிருக்கிறான்? உசிலம்பட்டிப் பக்கமிருந்து இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருசமாகிறது, எனக்குத் தெரியாதா. நான் கடந்து முடித்துத் திரும்பிப் பார்த்தேன். டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி என்னவோ சைகை செய்துகொண்டிருந்தார். யாருக்கு அந்தச் சைகை? எனக்கா? நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கம்பெனி கேட்டுக்குள் போய்விட்டேன்.

என் வேலை செக்கிங். தைத்து வருகிற பனியனைத் திருப்பிப் போட்டு, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எங்கே என்று தேடி, அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நாள் முழுக்கக் குற்றம் கண்டுபிடிக்கிறவளுக்கு வீட்டிலும் ரோட்டிலும் புத்தி அப்படித்தான் போகும். அந்த டிரைவர் மேலும் மனசுக்குள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே இருந்தேன். நான் நடக்கும்போது அவர் நேராகப் பார்ப்பதில்லை, பக்கத்துக் கண்ணாடியில் பார்க்கிறார். ஏன் கண்ணாடியில் பார்க்க வேண்டும்? எனக்கு முன்னால் நான்கு பேர் கையைக் காட்டிக்கொண்டே ஓடுகிறார்களே, அவர்களுக்கு ஏன் நிற்பதில்லை? அது எங்கள் கம்பெனி வேன்கூட இல்லை, அடுத்த கம்பெனிக்கு ஆள் ஏற்றி வருகிற வேன்.

அந்தக் கோடு வந்ததே போன வருசம் பையர் ஆடிட்டுக்காகத்தான். வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருகிறார்கள் என்று எங்கெங்கோ அலைந்து அனுமதி வாங்கி, கேட்டுக்கு எதிரே கறுப்பு ரோட்டில் வெள்ளைப் பட்டைகள் போட்டார்கள். ஹெச்.ஆர். மேடம் பயிற்சி கொடுத்து எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார். கோட்டின் மேல் நடக்கிற மாதிரி போட்டோவுக்கு என்னைத்தான் நிறுத்தினார்கள். அந்தப் போட்டோ இப்போதும் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. அதனால் நான் வேறெங்கே கடந்தாலும் செக்யூரிட்டி நாச்சிமுத்து விடமாட்டார். "ஏனுங்க, போட்டோக்கார அம்மிணியே இப்படிப் பண்ணலாமுங்களா" என்று எல்லார் முன்னாலும் மானத்தை வாங்குவார். ஆயிரம் பேர் வேலை செய்கிற இடத்தில் அந்தக் கோட்டில் ஒழுங்காக நின்று கடக்கிறவள் நான் ஒருத்திதான். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பக்கத்து டேபிள் அனுசுயாவுக்கு எதையும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. "என்னக்கா, உங்க வேன்காரர் இன்னிக்குக் கொஞ்சம் லேட்டுங்களா" என்று ஆரம்பித்தவள் தினம் ஒன்று சொன்னாள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அது எங்கே போய் முடியும் என்று யோசித்திருக்க வேண்டும். புதன்கிழமை சாயங்காலம் அவள் போன் செய்தபோது என் கை மாவில் இருந்தது, ஸ்பீக்கரில் போட்டேன். ஓவர்டைம் உண்டா என்று கேட்டு முடித்தவள், வைக்கப் போகும்போது, "அக்கா, நாளைக்கு வராம இருந்துராதீங்க, வேன்காரர் ஏங்கிப் போயிருவாரு" என்றாள். என் வீட்டுக்காரர் ராஜபாண்டி பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கை நீட்டுகிறவர் இல்லை. சத்தம்கூடப் போட மாட்டார். மங்கலத்தில் ஒரு கம்பெனியில் நன்றாகத்தான் இருந்தேன். சூப்பர்வைசர் ஒருநாள் பஸ் ஸ்டாப் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டார், மறுநாள் முதல் வேலைக்குப் போக வேண்டாம் என்றாகிவிட்டது. அதற்கடுத்த கம்பெனியும் அப்படித்தான் போனது. மூன்றாவது முறை இப்படி ஏதாவது வந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்று அன்றைக்கே சொல்லி வைத்திருந்தார். மகள் ஆஷா இங்கே பிளஸ் ஒன் படிக்கிறாள். அதைவிட எனக்கு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, இந்த வேலை பிடிக்கும். அந்த டேபிளில், டியூப் லைட்டுக்குக் கீழே, நான் சரி என்று சொன்னால்தான் துணி பெட்டிக்குப் போகும்.

ராஜபாண்டி தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அது என்ன வேனு?" என்று கேட்டார்.

"ரோட்டைத் தாண்டையில நிப்பாட்டுறாக. எல்லாருக்குந்தான்."

"எல்லாருக்குமா?" என்றார். கையைத் துடைத்துக்கொண்டே, "வெள்ளிக்கிழம எனக்கு ரெண்டாவது ஷிப்ட்டு. காலைல உன் கம்பெனி வாசலுக்கு வாரேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

வியாழக்கிழமை மதியம் மெடிக்கலுக்குப் போவதாகச் சொல்லி கேட் பாஸ் வாங்கினேன். கேட்டை ஒட்டிய பேக்கரிக்குப் பின்னால், மதியத்தில் வழக்கமாக நிற்கிற வேப்பமர நிழலில் வேன் நின்றிருந்தது. டிரைவர் தூக்குப்போசியில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பெயர் நஞ்சப்பன் என்றார். நான் உட்காரவில்லை.

"அண்ணே, என்னத்துக்கு எனக்கு மட்டும் வண்டிய நிப்பாட்டுறீக?"

அவர் முழித்தார். "கோடு போட்டிருக்குதுங்களே. கோட்டுல ஆளு காலெடுத்து வெச்சா வண்டி நிக்கோணும்ங்க. மத்தவங்கெல்லாம் கண்ட எடத்துல குதிக்கறாங்க. நீங்க கோட்டுல வர்றீங்க, நிக்கறனுங்க."

"கண்ணாடில என்ன பாக்குறீக?"

"பின்னால வர்றவனைத்தானுங்க. நான் நின்னாலும் சைடுல ஏறி வந்து உங்க மேல உட்டுருவான். அதுக்குத்தான் கையக் காட்டி அவன நிறுத்தறது."

சாலையில் பெண்ணைப் பறிகொடுத்தேன், அம்மாவைப் பறிகொடுத்தேன் என்று ஏதாவது கதை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இவ்வளவு சாதாரணமான காரணத்தை எப்படி நம்புவது? எல்லாரும்தான் லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள், இவர் ஒருத்தருக்கு மட்டும் இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது? இருந்தாலும் நான் வந்த காரியம் வேறு. நாளைக்கு என் வீட்டுக்காரர் வருகிறார், நாளை ஒரு நாள் எனக்காக நிற்க வேண்டாம், நின்றால் என் வேலை போய்விடும் என்று சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, அவர் முன்னால் அழுததற்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

அவர் கையைக் கழுவினார். "நீங்க கெஞ்சறதுக்காகச் செரின்னு சொல்லலாமுங்க. ஆனா அந்த ஹாஸ்டல் புள்ளைங்க?"

"எந்தப் புள்ளைக?"

பேக்கரி வாசலில் நாச்சிமுத்து வந்து நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதிலுக்குக்கூட நிற்காமல் வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எட்டேகாலுக்கு நான் கோட்டின் இந்த முனையில் நின்றேன். எதிரே, கம்பெனி கேட்டை ஒட்டிய பேக்கரியில், ராஜபாண்டி டீ கிளாஸோடு நின்றிருந்தார். தூரத்தில் வேன் தெரிந்தது. நான் காலை எடுத்து வைக்கவில்லை. அதைப் பார்த்திருப்பார் நஞ்சப்பன், வேகம் குறையவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார் என்று மனசு லேசானது. அப்போது எனக்குப் பின்னால் இந்திப் பேச்சும் சிரிப்பும் கேட்டன. ஒரே நிறத்தில் கம்பெனி யூனிபார்ம் மாட்டிய ஆறேழு ஹாஸ்டல் பெண்பிள்ளைகள், ஆஷா வயதுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், ஒருத்தி காதில் வயர் வேறு. என்னைச் சுற்றிக்கொண்டு முன்னே போனார்கள். அவர்கள் ரோட்டை இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. ரோட்டோரம் நின்றிருந்த லோடு ஆட்டோவுக்கு மேலாக வேனை ஒரு தரம் பார்த்தார்கள், அது அந்த வெள்ளை வேன்தான் என்று தெரிந்ததும் பேசிக்கொண்டே கோட்டில் இறங்கினார்கள். இத்தனை நாளாக என் முதுகுக்குப் பின்னால் இவர்கள் கடந்துகொண்டிருந்திருக்கிறார்கள், நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த லோடு ஆட்டோ நஞ்சப்பன் கண்ணுக்கு அவர்களை மறைத்திருந்தது. அவர் பார்வையில் பட்டது நான் மட்டும்தான், அசையாமல் நின்ற நான்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. அந்தப் பிள்ளைகளைத் தாண்டிப் போய் இரண்டு கையையும் தூக்கி, "நஞ்சப்பண்ணே, நிப்பாட்டுங்க" என்று கத்தினேன். பெயரைச் சொல்லித்தான் கத்தினேன். டயர் தேய்ந்த வாடை மூக்கில் ஏறியது. வேனின் முன்பக்கம் என் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. காதில் வயர் மாட்டிய பெண் மட்டும் ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தாள், மற்றவர்கள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

எதிரே ராஜபாண்டி டீயைக் குடிக்கவில்லை, கீழே வைக்கவும் இல்லை. எனக்கு முன்னால் இன்னும் நான்கு வெள்ளைப் பட்டைகள் இருந்தன, என் கால் அசையவில்லை. வேனுக்குப் பின்னால் பஸ்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். நஞ்சப்பன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அவனைத் தடுத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போகிறவரை அந்த வேன் கிளம்பாது. அதை ராஜபாண்டியும் பார்த்துக்கொண்டிருந்தார்.