புள்ளியை மறைத்த குண்டான்

மீன்வளத் துறை ஆய்வாளருக்குத் துறைமுகத்தில் கழுகு என்று பெயர். வைத்தவர் ஓர் இழுவைப் படகு டிரைவர். கரையோரக் கடல் சின்னப் படகுகளுக்கு மட்டும் என்பது சட்டம். யாரும் மீறாமல் இருக்க, ஒவ்வோர் இழுவைப் படகிலும் ஒரு பெட்டியைப் பொருத்தியிருந்தார்கள். படகு போகும் இடமெல்லாம் கழுகின் அலுவலகத் திரையில் புள்ளியாக நகரும்.

டிரைவர் சும்மா இருப்பாரா? கரையோரம் திரும்பும்போதெல்லாம் பெட்டியின் மேல் ஓர் அலுமினியக் குண்டானைக் கவிழ்த்துவிடுவார். சிக்னல் அறுந்து, புள்ளி மாயமாகிவிடும். தன் மூளைக்குத் தானே சபாஷ் போட்டுக்கொள்வார்.

அன்றும் கவிழ்த்தார். வலையை இழுக்கும்போது வின்ச் கயிற்றில் மாப்பிள்ளையின் கை சிக்கிக்கொண்டது. மாப்பிள்ளை என்றால் கூடப் பிறந்த தங்கையின் கணவர்; அதே படகில்தான் வேலை. பதறி வின்ச்சை நிறுத்தியதில் வலை தளர்ந்து படகின் அடியிலிருக்கும் விசிறியில் சுற்றிக்கொள்ள, படகும் நின்றுவிட்டது. துண்டை இறுக்கிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். சின்னப் படகுகளில் வயர்லெஸ் கிடையாது; சட்டத்தை மதித்த இழுவைப் படகுகளெல்லாம் ஆழ்கடலில் இருந்தன. வந்து சேர வெகுநேரமாகும் என்றார்கள். டிரைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்போதுதான் ரோந்துப் படகு சீறிக்கொண்டு வந்தது.

"இன்னிக்கு வசமா மாட்டுனியா!" என்று கத்திய கழுகு, ரத்தத்தைப் பார்த்ததும் குரலை விழுங்கினார். மாப்பிள்ளையைத் தன் படகுக்குத் தூக்கி, டிரைவரையும் ஏற்றிக்கொண்டார். கடமை தவறாத மனிதர், குண்டானையும் எடுத்துக்கொண்டார்.

உயிருக்குப் பயமில்லை, கையும் பிழைத்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன பிறகுதான் டிரைவருக்கு மூச்சே வந்தது.

"வயர்லெஸ்ல கேட்டு வந்தீங்களா சார்?"

"அதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன்யா. தினமும் உன் புள்ளி அதே இடத்துலதான் காணாமப் போகுது. பிடிக்கத்தான் வந்தேன்."

டிரைவர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். "நல்லா இருப்பீங்க சார். கேஸ் போடுங்க, தாராளமா போடுங்க."

"போடாம விடுவேனா?" என்றார் கழுகு. அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

ஓடி வந்த தங்கை, பெஞ்சின் மேலிருந்த குண்டானைப் பார்த்து நின்றாள். "இது எங்க வீட்டுக் குண்டானாச்சே! எவ்வளவு நாளா தேடுறேன்!"

டிரைவர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். அவள் குண்டானைக் கழுகின் பக்கம் தள்ளி வைத்தாள்.

"நீங்களே வச்சுக்கங்க சார். உங்க புண்ணியத்துல எனக்கு அவரு கிடைச்சாரு, அது போதும்."

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இனிமே அந்தப் பெட்டி மேல ஒரு துணிகூடப் போடாதீங்க. கை ஆறுனதும் எங்க வீட்டுக்காரரு உங்க படகுக்குத்தான் வருவாரு."