றிம்ஸானைக் கொடுத்து டிலக்‌ஷனை எடுத்தார்கள்

கோல் வாயில் ஒருவருமில்லை. கோல்காப்பாளன் விழுந்து கிடந்தான். பின்வரிசைக்காரர் இருவரும் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டு தலையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பந்து றிம்ஸானின் காலில். கண்டக்குழி ப்ளூ வேவ்ஸ் கழகத்துக்கு அன்று அந்த ஒரு கோல் போதும், அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். பாலர் வகுப்புப் பிள்ளைகூட அடித்திருக்கும். றிம்ஸான் என்ன செய்தான் தெரியுமா? பந்தை நிறுத்தினான், திரும்பினான், பின்னால் ஓடி வந்த முபாரிஸுக்குத் தள்ளிவிட்டான்.

"நீதானே கெப்டன், நீ அடி."

முபாரிஸ் பதறிப்போய் அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலால் பறந்து தென்னந்தோட்டத்துக்குள் விழுந்தது. ஆட்டமும் போனது, அந்த வருஷத்து லீக்கும் போனது.

ஊர் கொதித்தது. திமிர் என்றார்கள், மண்டைக்கனம் என்றார்கள். மீன்வாடிகளில் இதே கதைதான். ஆனால் காரணம் முபாரிஸுக்குத் தெரியும். பழைய கெப்டன் கட்டாருக்குப் போனபோது அடுத்தது றிம்ஸான்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் எறிகிற மாதங்களில் மற்றவர்கள் பந்தைத் துரத்துவார்கள். பந்து றிம்ஸானைத் துரத்தும். அப்படிப்பட்ட ஆட்டக்காரன். ஆனால் கழகத் தலைவர் பதியுதீன் ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"கெப்டன் எண்டா ஊர்ப் பொடியனா இருந்தாத்தான் மரியாத."

அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. றிம்ஸானின் உம்மா ஜெய்னம்பு, தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்து இறங்கிய பெட்டைப்பிள்ளை. றிம்ஸான் பிறந்தது பக்கத்துக் கற்பிட்டி ஆஸ்பத்திரியில், படித்தது இங்கே, கடலுக்குப் போவதும் இங்கே. இருந்தும் அவன் அகதிப் பொடியன். அட, பிறந்த மண்ணிலேயே ஒருத்தன் எப்படி அகதியாவான்? கெப்டன் பதவி முபாரிஸுக்கு வந்தது. அவனும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டான்.

இதில் இன்னொரு கூத்து இருக்கிறது. முபாரிஸ் முடித்திருப்பது றிம்ஸானின் தங்கை றிஸ்னாவை. இந்தப் பக்கத்து வழக்கப்படி கலியாணம் முடித்தவன் பெண் வீட்டில்தான் குடியிருப்பான். ஆக, ஊர்ப் பொடியன் படுத்தெழும்புவது அகதிப் பொடியனின் உம்மா பாடுபட்டுக் கட்டிய வீட்டில், தின்பது அவள் ஆக்கிய சோற்றை.

வீட்டில் றிம்ஸான் ஒரு நாளும் முகத்தைச் சுளித்ததில்லை. மச்சான் மச்சான் என்று பகிடி விடுவான், முபாரிஸின் தட்டிலிருந்து மீன் பொரியலைக் களவெடுப்பான். மைதானத்துக்கு வந்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுவான். பந்து பக்கத்தால் போனாலும் பார்த்துக்கொண்டே நிற்பான்.

தோற்ற கிழமை, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, வள்ளங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற கழகக் கொட்டிலில் கூட்டம் போட்டார்கள். முந்தல் கழகம் றிம்ஸானைக் கேட்கிறது, பதிலுக்கு டிலக்‌ஷன் என்ற கோல்காப்பாளனைத் தருகிறது என்றார் ஹாஜியார்.

"மனசில்லாதவன இழுத்துப் புடிச்சி வெச்சி என்ன செய்ற? இவன் நிண்டா மத்தவனுகளும் நிக்கிறானுகள். அவனும் நல்லா இரிக்கட்டும், நாமளும் நல்லா இரிப்பம்."

முபாரிஸ் அன்று காலை கடலில் வலை இழுக்கும்போதே பேச்சைத் தயார்பண்ணி வைத்திருந்தான். கெப்டன் பதவியை றிம்ஸானுக்குக் கொடுங்கள், நான் விலகுகிறேன், அவன் ஓடாவிட்டால் என்னைக் கேளுங்கள். இவ்வளவுதான். கொட்டிலின் மூலையில் ஒரு மீன் பெட்டியின் மேல் குனிந்து உட்கார்ந்திருந்த றிம்ஸானை ஒருமுறை பார்த்துவிட்டு வாயைத் திறந்தான்.

ஹாஜியார் லேசுப்பட்ட ஆளில்லை. எத்தனை கூட்டம் நடத்திய மனிதர். திறக்கிற வாயைக் கண்டுகொண்டார்.

"சரி, எல்லாரும் ஸலவாத்து சொல்லுங்க" என்று குரலை உயர்த்தி நபியின் பேரைச் சொல்லிவிட்டார்.

இந்தக் கரையில் எந்தக் கூட்டமும் நபியை வாழ்த்தும் ஸலவாத்தோடு முடியும். சொல்லியாயிற்றென்றால் விஷயம் முடிந்தது, திரும்பக் கிளறுவது மரியாதையில்லை. நபியின் பேர் காதில் விழுந்த பிறகு வாயைப் பொத்திக்கொண்டிருக்க யாரால் முடியும்? தொட்டிலில் கிடந்தபோதே பழகிய நாக்கு. கதைக்கத் திறந்த முபாரிஸின் வாய் ஸலவாத்துச் சொன்னது. தன்னைக் கொடுத்து முடித்த கூட்டத்துக்கு றிம்ஸானும் குனிந்த தலையோடு ஸலவாத்துச் சொன்னான். எல்லோரும் சாரத்தைத் தட்டிக்கொண்டு எழும்பிவிட்டார்கள்.

"ஹாஜியார், ஒரு கத..." என்றான் முபாரிஸ்.

"ஸலவாத்தும் சொல்லியாச்சி, இனி என்ன கத?"

வீட்டுக்குப் போகிற மணல் வழியில் முபாரிஸ் றிம்ஸானை ஓடிப்போய்ப் பிடித்தான். றிம்ஸான்தான் அவன் தோளில் தட்டினான்.

"விடு மச்சான். நானுந்தானே ஸலவாத்து சொன்னன்."

முந்தல்காரர் அவனுக்கு ஓர் இறால் பண்ணையில் வேலையும் அறையும் எடுத்துக் கொடுத்தார்கள். புறப்பட்ட அன்று ஜெய்னம்பு பஸ் நிற்கிற இடம்வரை வந்தாள். அழவில்லை. பையோடு போகிறவர்களை அவள் நிறையப் பார்த்தவள். றிஸ்னாதான் வீட்டில் புருஷனின் முகத்தைப் பார்க்காமல் சோறு வைத்தாள்.

பிறகு நடந்ததுதான் கொடுமை. ப்ளூ வேவ்ஸ் ஆடியது! டிலக்‌ஷன் நெடிய பொடியன், கோலுக்குள் நின்றால் காற்றுக்கும் வழி விடமாட்டான். முன்னால், றிம்ஸான் பார்த்துக்கொள்வான் என்று சோம்பிக் கிடந்தவர்களெல்லாம் இப்போது தாங்களே ஓடினார்கள். ஒருவருக்கொருவர் பந்து கொடுத்தார்கள், சத்தம் போட்டார்கள், சிரித்தார்கள். முபாரிஸே கோல் அடித்தான். அடித்துவிட்டுக் கையை உயர்த்தும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகத்தான் வெட்கமாக இருந்தது.

டிலக்‌ஷனை வெறுத்திருந்தாலாவது மனது ஆறியிருக்கும். அவனோ தங்கமான பொடியன். ஒரு நாள் பை நிறைய இறால் கொண்டுவந்து, கெப்டனின் வீடென்று நினைத்து, அது றிம்ஸானின் வீடென்று தெரியாமலே ஜெய்னம்புவின் கையில் கொடுத்தான். அவள் வாங்கிக் கறி ஆக்கி, றிம்ஸான் வழமையாக உட்காரும் கதிரையில் அவனை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள். முபாரிஸுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

முந்தலில் றிம்ஸான் முதல் ஆட்டங்களில் கோலாக அடித்துத் தள்ளினானாம். போகப் போக அங்கேயும் இடுப்பில் கை. அவர்களுக்கு அவன் கண்டக்குழியான், வந்தவன். கடைசியில் மைதானத்துக்கே போவதில்லை என்று கேள்வி.

ப்ளூ வேவ்ஸ் கிண்ணத்தை வென்றது. புத்தளத்திலிருந்து லொறியில் பட்டாசு கொளுத்திக்கொண்டு வந்தார்கள். ஹாஜியார் முன் ஆசனத்தில் இருந்துகொண்டு, வழியில் கண்டவனிடமெல்லாம் "நான் அண்டைக்கே சொன்னன்" என்றார். அந்தக் குஷியில் முபாரிஸ் அவரைப் பிடித்துக்கொண்டான். வருகிற வருஷம் றிம்ஸானைத் திருப்பி எடுக்க வேண்டும், அவன்தான் கெப்டன்.

"எடுத்துக்க வாப்பா, குடுத்துக்க. எனக்கென்ன?" என்றார் ஹாஜியார். கிண்ணம் கையில் இருக்கும்போது மனிதர் தாராளம்.

ஞாயிற்றுக்கிழமை றிம்ஸான் வந்தான். மெலிந்திருந்தான். மன்னாரில் முசலிப் பக்கம் பெரியம்மாவின் மகன் போட் வைத்திருக்கிறான், ஆள் தேவையாம், போகலாமென்று இருக்கிறேன் என்றான். அவன் முகம் கழுவப் போன நேரம் ஜெய்னம்பு முபாரிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை காலத்தில் அவள் மருமகனிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"எப்பிடியாவது அவன இஞ்ச நிப்பாட்டுங்க மகன். அக்காட வீட்ட விட்டா அங்க எனக்கு ஆரையும் தெரியாது. அவனுக்கும் தெரியாது."

"நான் பாத்துக்கொள்றன் மாமி" என்றான் முபாரிஸ். நம்பித்தான் சொன்னான்.

றிம்ஸானின் கையில் பிளேன்டீயைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். ஹாஜியார் சம்மதித்ததை, கெப்டன் பதவியை, எல்லாவற்றையும். றிம்ஸானின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஒண்டு கேக்கன். உண்மையச் சொல்லு. நான் போனது கழகத்துக்கு நல்லதா, கெட்டதா?"

முபாரிஸ் பந்தாட்டக்காரன். அந்த வருஷத்தின் ஒவ்வொரு ஆட்டமும் அவன் கண்ணுக்குள் நின்றது. பாழாய்ப்போன வாய், திறக்க வேண்டிய நாளில் திறக்கவில்லை, இன்றைக்குத் திறந்தது.

"நல்லதுதான்" என்றான். "ஆனா..."

ஆனாவுக்குப் பிறகு எவ்வளவோ இருந்தது. பிழை உன்னிலில்லை, எங்களில் என்று இருந்தது. நீ இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று இருந்தது. றிம்ஸான் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. தலையை ஆட்டினான், சிரித்தான், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

"பொய் சொல்லாம சொன்னாயே மச்சான், அது போதும். நல்லா ஆடுறானுகள், அப்பிடியே ஆடட்டும்."

உம்மாவின் கையைப் பிடித்து ஸலாம் சொன்னான், தங்கையின் தலையைத் தொட்டான், பையைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு வெளியே போனான். றிஸ்னா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முபாரிஸ் அவன் போன திசையைப் பார்த்தபடி நின்றான். பின்னால் மாமி வந்து நின்றது தெரிந்தது. அவள் கோபப்படவில்லை. பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஒரு பொய்யச் சொல்லியிருக்கலாமே மகன்."