கம்பி கழற்றிய பின்னும் பச்சை

கண்காணிப்பு அறையின் சுவர்த்திரையில் கட்டடங்கள் எல்லாம் பச்சைப் புள்ளிகளாய் நின்றன. ஒவ்வொரு கட்டடத்திலும் இருந்த தீயெச்சரிக்கைப் பெட்டியை இங்குள்ள கணினி இணையத்தின் வழியே, அதன் எண்ணையே பெயராய்ச் சொல்லி, ஓயாது விளித்தது. மறுமொழி வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. அங்கே புகை எழுந்தால் பெட்டி இங்கே சொல்லும். திரைமுன் அமர்ந்திருப்பவள் தீயணைப்பு நிலையத்தை அழைப்பாள்.

அன்று பிற்பகல் அவள் பார்வை ஒரே புள்ளியைப் பற்றி நின்றது. அது ஒரு முதியோர் இல்லம். அதன் மாடியில் அவளுடைய அம்மா இருந்தாள். கடைசி அறையில் இருந்த அப்பா சென்ற மாதம் காலமாகிவிட்டார். இல்லத்தின் பழைய இணைய இணைப்பை அகற்றிப் புதியதைப் பொருத்திக்கொண்டிருந்தவன் அவள் தம்பி.

"பச்ச வந்துருச்சா?" என்றான் போனில்.

"வந்துருச்சு."

"அப்ப ஆள விடு. கெளம்பறேன்."

"இருடா. பெட்டியில இருந்து கம்பிய கழட்டு. செகப்பு ஆகுதான்னு பாக்கணும்."

"கல்யாணம் முடிஞ்சப்புறம் பொண்ணு பாக்கச் சொல்றியேக்கா."

"வாய் பேசாம கழட்டு."

"கழட்டியாச்சு. கையிலதான் தொங்குது."

புள்ளி பச்சையாகவே இருந்தது. அவள் பொறுத்தாள். கணினி விளித்தது, 'இருக்கிறேன்' என்று மறுமொழி வந்தது. மீண்டும் விளித்தது, மீண்டும் வந்தது.

"சரியான கம்பியத்தான் கழட்டினியா?"

"இதுல இருக்கறதே ஒரு கம்பிதான். ஏன்?"

"பதில் வந்துக்கிட்டே இருக்கு."

"வெளையாடாதக்கா."

அவள் விளையாடவில்லை. கம்பி நீங்கிய பெட்டி பேசாது. அதன் பெயர் சொல்லி அழைக்கும்போது, அந்தப் பெயருக்குள் நின்று வேறு ஏதோ குரல் கொடுத்தது.

பக்கவாதம் நாவைக் கட்டிய பின் அப்பாவிடம் எஞ்சியது 'ம்' என்னும் ஓரொலிதான். சாப்பிட்டீர்களா என்றாலும் ம். வலி இல்லையே என்றாலும் ம். அவள் தேறுதலோடு போனை வைப்பாள். அழைப்பவர் நெஞ்சு எளியது. மறுமொழி ஒன்று கேட்டுவிட்டால், அழைக்கப்பட்டவரே அங்கு முழுதாய் இருக்கிறார் என்று அது நம்பிவிடுகிறது.

"புது ரூட்டர் பெட்டியோட நம்பரத் தூக்கி வேற எதுக்கோ குடுத்திருக்குடா. அதுதான் பதில் சொல்லுது. ஒவ்வொண்ணா நிறுத்திக்கிட்டே வா."

அலுவலகக் கணினியை நிறுத்தினான். பச்சை. பிரிண்டரை நிறுத்தினான். பச்சை. கூடத்துத் தொலைக்காட்சியை நிறுத்தினான்.

"பெரியவங்க எல்லாம் திட்டுறாங்கக்கா. ஒருத்தர் கைத்தடியவே ஓங்கிட்டாரு."

"வாங்கிக்க. அடுத்தது?"

"அடுத்தது இல்ல."

"இல்லேன்னா இது எப்படிடா பச்சையா இருக்கும்?"

"ஒண்ணு இருக்கு. அப்பா ரூம்ல" என்றான்.

அப்பா படுத்த படுக்கையானபோது, வேலைக்கு நடுவே அவரைப் பார்ப்பதற்காகத் தம்பி சுவரில் மாட்டிய கேமரா அது.

"கழட்டிட்டேன்னு சொன்னியேடா."

"சொன்னேன்."

"அந்த ரூம்ல இப்ப யாரும் இல்லையே. என்னத்தப் பாக்குற?"

"கட்டிலத்தான்."

ஒருவரும் படுக்காத கட்டிலை இமையாமல் நோக்கியபடி, தீயெச்சரிக்கைப் பெட்டியின் பெயரில் 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தது அந்த அறை.

"அம்மா பக்கத்து ரூம்லதான் தூங்குறாங்க" என்றாள் மெல்ல. "தீப்பிடிச்சாகூட எனக்கு இங்க பச்சையாத்தான் இருக்கும்."

"தெரியுதுக்கா."

படியேறும் ஓசை, பின், கதவு திறக்கும் ஓசை. அவள் அவசரப்படுத்தவில்லை.

புள்ளி சிவந்தது.

"செகப்பு" என்றாள். வேறொரு சாவுச் செய்தி சொல்வதுபோல் அவள் குரல் தாழ்ந்தது.

கீழே போய்ப் பெட்டியின் எண் பெட்டிக்கே உரியதென்று ரூட்டரில் பதித்து, கம்பியை மாட்டினான். பச்சை மீண்டது.

"இப்பவாவது நம்புவியா?"

"மாட்டேன். ம்-னு சொன்னா போதாது. புகைய ஊதிக் காட்டு."

தீயணைப்பு நிலையத்துக்கு இது சோதனை என்று சொல்லி வைத்தாள். தம்பி சோதனைப் புகைக் குப்பியை எடுத்துக்கொண்டான்.

"கீழ எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், மணி அடிக்கும்னு. எங்க ஊத?"

"கடைசி ரூம்ல."

"வேற ரூம் இல்லியாக்கா?"

"அங்கதான்டா ஊதணும்."

மறுபடி படிகள், மறுபடி அந்தக் கதவு. போனில் மணி அலறிய அதே கணம் திரையில் எழுத்து எரிந்தது: தீ. மாடி. கடைசி அறை. கேட்டதற்கு உரிய விடை, கேட்கப்பட்ட பெட்டியே சொன்ன விடை.

"வந்துருச்சு, நிறுத்து" என்றாள்.

மணி ஓய்ந்தது. மாடியில் உறங்கிய அம்மாவிடம் சொல்ல இருவருமே மறந்திருந்தார்கள். பக்கத்து அறைத் தாழ்ப்பாள் விலகுவதும், செருப்பு தரையில் உரசி விரைந்து வருவதும் போனில் தெளிவாய்க் கேட்டன. அந்தக் கால்கள் இவ்வளவு விரைந்து வந்து மகள் கேட்டதில்லை.

"யாரது ரூம்ல?" என்றாள் அம்மா. தூக்கம் கலையாத அந்தக் குரலில் இளமை இருந்தது.

தம்பி புகைக் குப்பியைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது.

"நான்தாம்மா."

"ம்" என்றாள் அம்மா. பிறகு, "நீதானா" என்றாள்.

செருப்பொலி திரும்பி, மெல்ல மெல்ல நடந்து போயிற்று.