ஒற்றைக் கை மினுவெட்

காலமெல்லாம் பேருந்து ஓட்டிய அப்பா, ஓய்வு பெற்ற பிறகு பியானோ கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பியபோது மகள் சந்தோஷப்படத்தான் செய்தாள். அம்மா போனதிலிருந்து தொலைக்காட்சியோடு மட்டும் பேசிக்கொண்டிருந்த மனிதர். சந்தேகம் வந்தது அப்புறம்தான்.

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். நூலளவு விலகினாலும் கண்ணில் பட்டுவிடும். அப்பாவிடம் அப்படிப் பட்டது அவருடைய இடது கை. வீட்டிலிருந்த சின்ன கீபோர்டில் தினமும் ஒரே மினுவெட்டைத்தான் வாசித்தார். அரண்மனைக் கூடங்களில் ஜோடி ஜோடியாக ஆடுவதற்கென்று அந்தக் கால ஐரோப்பாவில் எழுதிய இசை. ஒன்று இரண்டு மூன்று என்று நடை போட்டு ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். மாதக்கணக்காகியும் வாசித்தது வலது கை மட்டும். இடது கை தொடைமேல் சும்மா கிடந்தது.

"இடது கைக்கு ஒண்ணும் கிடையாதாப்பா?"

"இருக்கு. அது டீச்சர் வீட்டுல நடக்குது" என்றவர், தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டார்.

இதைச் சொன்னபோது அவள் கணவன் சிரித்தான். "ஸ்டீயரிங் பிடிச்ச கை, பியானோவுக்கு அவ்வளவு சீக்கிரம் வளையுமா? விடேன்."

"அதுக்கு எதுக்கு டீச்சர் வீட்டுக்குப் போற அன்னைக்கு சட்டைய ரெண்டு தடவ இஸ்திரி போடறார்?"



ஒரு நாள் கடையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு டீச்சர் வீட்டு மாடிப்படி ஏறினாள். பிள்ளைகள் படிக்கும்போது திறந்தே கிடக்கும் கதவு இப்போது தாழிட்டிருந்தது. ஜன்னலில் திரை. உள்ளே மினுவெட் இரண்டு கைகளாலும் கேட்டது. டீச்சர்தான் வாசிக்கிறாள் என்று நினைத்த நேரத்தில், இரண்டாம் பகுதியில் அப்பா வழக்கமாக இடறும் இடத்தில் ராகம் இடறியது. ஆக, அப்பாதான். அப்படியானால் வீட்டில் எதற்கு இந்த நடிப்பு?

கதவைத் தட்டினாள். இசை நின்றது. கிசுகிசுப்பு. வெகுநேரம் கழித்து அப்பா திறந்தார்.

"நீ எங்க இங்க?"

"ரெண்டு கையாலயும் ஜோரா வாசிக்கறீங்க. வீட்டுல எதுக்குப்பா நாடகம்?"

அப்பா டீச்சரைப் பார்த்தார். அவர் வயதுதான் அவளுக்கும் இருக்கும். பியானோ முன்னால் இருவர் உட்காரும் நீளப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கிடந்த சால்வையை மெல்ல விலக்கினாள். உள்ளே அவளுடைய வலது கை, விரல்கள் மடங்கி, யாரோ வைத்துவிட்டுப் போனது போல இருந்தது.

"வாசிச்சது ரெண்டு பேரும்மா. மேல ராகம் அவர் கை. கீழ வர்றது என் இடது கை" என்றாள். "ஒரு நாள் காலைல எழுந்தேன், இது சொன்ன பேச்சு கேக்கல. பிள்ளைங்களுக்கு வாயாலயே சொல்லிக் குடுத்துச் சமாளிக்கிறேன். அவங்க வீட்டுல தெரிஞ்சா நாளைக்கே வேற டீச்சரத் தேடிடுவாங்க. உங்கப்பா வந்த புதுசுலயே கண்டுபிடிச்சிட்டார். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

மகளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "நான் வேற என்னமோ..." என்று இழுத்தாள்.

"என்ன?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல."

"உக்காரும்மா. கேட்டுட்டுப் போ" என்றாள் டீச்சர்.

வாசித்தார்கள். அவர் இடறும் இடம் நெருங்கியதும் டீச்சரின் இடது கை ஒரு துளி நிதானித்து, அவரைக் கூட்டிக்கொண்டு தாண்டியது. இருவரும் திரும்பிக்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை; அதற்குத் தேவையே இருக்கவில்லை. பார்த்திருந்தால் மகளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

தெருவில் இறங்கியதும் கேட்டாள். "அப்பா, கை விஷயம் மட்டும்தானா?"

வண்டிகள் வருகின்றனவா என்று அப்பா தேவைக்கு மேல் நேரம் எடுத்துப் பார்த்தார்.

"அடுத்த வாரம் அவங்க டாக்டர்கிட்ட போகணும். நான் கூடப் போறேன்."

"நான் கேட்டதுக்கு இது பதில் இல்லையே."

"எனக்குப் பதில் மாதிரிதான் தெரியுது" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தார்.

அவளும் பின்னாலேயே கடந்தாள். சந்தேகம் போகவில்லை, சொல்லப்போனால் கூடித்தான் இருந்தது. ஆனால் வீட்டில் கணவன் என்ன ஆச்சு என்று கேட்டபோது, "நல்லா வாசிக்கிறார்" என்று மட்டும் சொன்னாள்.