யாரும் கேட்காத மரம்

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை காலையில், கொல்லிமலையில் திருப்புலி நாடு என்ற ஊர்த்தொகுதியிலுள்ள கரையங்காட்டுப்பட்டியின் சிறுவர் பூங்காவில் நின்ற பலா மரத்தைச் சுற்றி, இடுப்பளவு உயரத்தில், சுண்ணாம்பால் ஒரு வெள்ளை வளையம் போடப்பட்டது.

சுகுணா அங்கே வந்து சேர்ந்தபோது சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. மகளை இடுப்பிலிருந்து இறக்காமலே வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு எப்போதும் செய்வதைச் செய்தாள். இரண்டு பழைய சேலைகளைச் சேர்த்து முறுக்கி, தாழ்ந்த கிளையில் எறிந்து, முடிச்சில் தொங்கிப் பார்த்துவிட்டு, ராதிகாவை உள்ளே கிடத்தினாள். ராதிகாவுக்கு ஏழு வயது. கழுத்து நிற்காது, கைகால் சொன்னபடி கேட்காது. தரையில் மல்லாந்து படுத்தால் எச்சில் புரையேறிவிடும். தூளியில் உடம்பு வளைந்து கிடக்கும்போது மட்டும் மூச்சு சீராக வரும். நாமக்கல் ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். அடுக்கடுக்காக இறங்கும் காட்டு வழியில் சக்கரம் போகாது. அது வீட்டில் துணி போட இருக்கிறது.

அந்த மரத்தில் தூளி கட்டுவது சுகுணா கண்டுபிடித்ததல்ல. பூங்காவுக்குக் கீழேதான் ஊரின் மரவள்ளிக் காடுகள். வேலைக்கு இறங்கும் பெண்கள் கைக்குழந்தைகளைப் பலாவில் தொங்கவிட்டுப் போவார்கள். அழுதால் காட்டுக்குக் கேட்கும். தூளிகளுக்கு மேலே பிடிக்கும் காயைப் பிஞ்சிலேயே அறுத்துவிடுவது வழக்கம். அந்தப் பிஞ்சை யார் வேண்டுமானாலும் குழம்புக்குக் கொண்டுபோகலாம். மற்றக் குழந்தைகள் நடக்கத் தொடங்கியதும் தூளியைவிட்டு இறங்கி, துருப்பிடித்த சறுக்கு மரத்துக்குப் போய்விட்டார்கள். ராதிகா தூளியிலேயே தங்கிவிட்டாள். அதனால் அவள் ஆட்டத்தில் சேரவில்லை என்று சொல்ல முடியாது. ஓடிப்பிடித்து விளையாடும்போது அவுட்டானவன் போய் ராதிகாவின் தூளியை ஆட்ட வேண்டும், அடுத்தவன் அவுட்டாகி வரும்வரை. இந்த விதியை யார் வைத்தது என்று தெரியாது. வேகமாக ஆட்டினால் ராதிகா தொண்டையில் ஒரு சத்தம் எழுப்புவாள். அதுதான் அவளுடைய சிரிப்பு.

ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், இந்தப் பூங்காவைப் புதுப்பிக்க ஊராரிடம் கருத்துக் கேட்டார்கள். வேலையை எடுத்திருந்த தொண்டு நிறுவனத்திலிருந்து வனிதா என்ற பெண் நாமக்கல்லிலிருந்து வந்திருந்தாள். ஊர்க்கூட்டம் என்று அழைத்தால் ஆண்கள் மட்டும் வந்து உட்கார்வார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் பெண்கள் காட்டிலிருந்து ஏறி வரும் நேரமாகப் பார்த்து, பலா மரத்தின் நிழலிலேயே கூட்டத்தை வைத்தாள். சறுக்கு, ஊஞ்சல், ஏற்ற இறக்கப் பலகை, ராட்டினம் என்று படங்களை மரத்தில் சாய்த்துவைத்து, ஆளுக்கு மூன்று ஸ்டிக்கர் பொட்டு கொடுத்து, பிடித்த படத்தில் ஒட்டச் சொன்னாள்.

"எனக்குப் பொட்டு குடுத்து வருசம் பத்தாச்சு, நாலாக் குடு சாமி" என்றாள் கண்ணாயி. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கணவனை இழந்தவள், அந்தச் சிரிப்பைத் தொடங்கிவைக்க அவளுக்கு மட்டும்தான் உரிமை இருந்தது. சுகுணா தன்னுடைய மூன்று பொட்டையும் சறுக்கு மரத்தில் ஒட்டினாள். பிள்ளைகள் சறுக்குவதை ராதிகா பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள். சறுக்கு மரம்தான் ஜெயித்தது. வேறு ஏதாவது வேண்டுமா என்று வனிதா இரண்டு முறை கேட்டாள். தண்ணீர்க் குழாய் என்றார்கள். வேலி என்றார்கள். அவள் சாய்ந்து நின்றிருந்த மரத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளை வளையத்தைப் பார்த்த அன்று மத்தியானம் சுகுணா வனிதாவுக்குப் போன் செய்தாள்.

"பிளான்ல மரம் இல்லீங்களே அக்கா" என்றாள் வனிதா. "சறுக்கு பெருசு, அந்த எடத்துலதான் நிக்கும். கீழ ரப்பர் தரை போடறாங்க. மேல பலாக்காய் தொங்கினா பாஸ் பண்ண மாட்டாங்க, ரூல் இருக்குதுங்க. நான் ரெண்டு தடவ கேட்டனே, நீங்க ஒருத்தரும் சொல்லலியே."

சுகுணாவுக்குப் பதில் வரவில்லை. போனை வைத்த பிறகு, மரவள்ளித் தூர் ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போது, பதில் வந்தது. அப்போது சொல்ல எதிரே யாரும் இல்லை.

"ஊட்டு உத்தரத்துல கட்டிக்கலாம், உடு" என்றான் அவள் கணவன் சின்னுசாமி. கெட்டவன் அல்ல. சறுக்கு மரம் வந்தால் ஊருக்குப் பெருமை என்று நினைக்கிறவன். சுகுணா போன ஐப்பசியை நினைத்துக்கொண்டாள். விடாத மழையில் ராதிகாவுக்கு வீட்டுக்குள் உத்தரத்தில்தான் தூளி கட்டியிருந்தாள். இருட்டு, அடுப்புப் புகை, மேலே ஓடு. முதலில் வாசல் பக்கம் கண்ணைத் திருப்பிக்கொண்டிருந்த பிள்ளை, பிறகு திருப்புவதை விட்டுவிட்டது. மழை விட்டு மரத்துக்குத் தூக்கிவந்த பிறகும், அவுட்டான பையன் தூளியை ஆட்ட ஆட்ட, அந்தச் சிரிப்புச் சத்தம் திரும்பி வரப் பல நாள் ஆனது.

"மரத்த வெட்ட உட மாட்டேன்" என்றாள்.

"நீ ஆரு உடாம இருக்கறதுக்கு?"



வியாழக்கிழமை காலை, புளியஞ்சோலைப் பக்கத்திலிருந்து மாதேஸ்வரன் மெஷின் ரம்பத்தோடு வந்து சேர்ந்தார். ராதிகா தூளியில் இருந்தாள். அடிமரத்தில் முதுகைச் சாய்த்து, வெள்ளை வளையம் தோளுக்குப் பின்னால் மறைய, சுகுணா உட்கார்ந்திருந்தாள்.

"அம்மணி, புள்ளய எறக்குங்க. தூசி அடிக்கும்."

"எறக்க மாட்டேனுங்க."

மாதேஸ்வரன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். "நான் கூலிக்கு வந்தவனுங்க. ஆபீசர் வரட்டும், அவருகிட்டயே சண்ட போடுங்க" என்று நிழலில் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

ஆபீசர் என்றது ஊராட்சி ஒன்றிய உதவிப் பொறியாளர் இமானுவேலை. தஞ்சாவூர்க்காரர், மலைக்கு மாற்றலாகி வந்து ஒரு வருடம் ஆகிறது. வளைவுகளில் ஜீப் திரும்பும் ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிடித்துக்கொள்பவர். வந்ததும் தூளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க பாப்பா மேல நாளைக்கு ஒரு காய் விழுந்தா நீங்களே என்னைத்தான் கேப்பீங்க."

"காய பிஞ்சிலயே அறுத்துருவோமுங்க."

"எல்லாரும் சேர்ந்து பொட்டு ஒட்டித்தானே இந்த பிளான் வந்துச்சு? அன்னைக்கே மரம் வேணும்னு சொல்லியிருக்கலாம்ல?"

செவ்வாய்க்கிழமை காட்டில் வந்த பதில் இப்போது வாயில் தயாராக இருந்தது. "இல்லாதது என்ன வேணும்னு கேட்டீங்க, சொன்னோம். இருக்கறத ஆருங்க சார் வேணும்னு கேப்பாங்க?"

"நல்லாக் கேளு கண்ணு" என்று குரல் வந்தது. காட்டிலிருந்து கண்ணாயி ஏறி வந்துகொண்டிருந்தாள், பின்னால் ஐந்தாறு பெண்கள். "ஏனுங்க சார், உங்க ஊட்டுக்கு டிவி என்ன வேணும், பேன் என்ன வேணும்னு கேட்டுப்போட்டு, சம்சாரத்தக் கேக்கலியேன்னு அந்தம்மாளத் தூக்கிட்டுப் போனா உடுவீங்களா?"

மாதேஸ்வரனுக்குப் பீடிப் புகை மூக்கில் ஏறிவிட்டது. இமானுவேலும் சிரித்துவிட்டார், பிறகு சிரித்ததற்காகக் கோபப்பட்டார்.

"இப்ப மரம் வெட்டலன்னா வேலை நிக்கும். மார்ச்சுக்குள்ள முடிக்கணும். முடிக்கலன்னா சறுக்கு, ஊஞ்சல் எல்லாம் வேற ஊருக்குப் போயிடும். அதுக்கு அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்காக ஊர்ப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் இல்லாமப் போகணுமா, நீங்களே சொல்லுங்க."

இதை அவர் சுகுணாவைப் பார்த்துச் சொல்லவில்லை, பின்னால் நின்ற பெண்களைப் பார்த்துச் சொன்னார். அது நியாயமான கேள்வி என்பது சுகுணாவுக்குத் தெரிந்தது. கூட்டத்தில் பொன்னாயி நின்றாள். அவளுடைய இரண்டு பையன்களும் புதுச் சறுக்கு எப்போது வரும் என்று ஜனவரியிலிருந்து தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். பழைய சறுக்கின் தகரம் கிழித்து சின்னவனுக்குத் தொடையில் தையல் போட்ட தழும்பு உண்டு. சுகுணா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கெஞ்சுவது போலாகிவிடும் என்று பட்டது.

"போனாப் போகட்டுமுங்க" என்றாள் இமானுவேலிடம். "மரத்த உட மாட்டேன்."

கீழே ரோட்டில் கிழங்கு லாரி ஒன்று திணறி ஏறும் சத்தம் கேட்டது. பொன்னாயி தலையில் சும்மாடு கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். பிறகு முதுகில் கட்டியிருந்த கைக்குழந்தையை எடுத்து கண்ணாயியின் கையில் கொடுத்துவிட்டு, கட்டியிருந்த அந்தச் சேலையை உதறி, ராதிகாவின் தூளிக்கு அடுத்த கிளையில் எறிந்தாள்.

"நெனச்சா ஆத்தரமாத்தான் வருது" என்றாள், முடிச்சை இறுக்கிக்கொண்டே. யார்மேல் என்று சொல்லாமல், குழந்தையைத் திரும்ப வாங்கி அதில் கிடத்தினாள்.

அதன் பிறகு மற்றவர்கள் வந்தார்கள். ஊரில் கைக்குழந்தைகள் அதிகம் இல்லை, மூன்றுதான். தூளிகள் அதைவிட அதிகமாகத் தொங்கின. ஒன்றில் பூசணிக்காய் கிடந்தது. கண்ணாயி ஓடிப்போய்த் தன் வெள்ளாட்டுக் குட்டியைத் தூக்கிவந்து சேலைக்குள் போட்டாள். அது தலையை நீட்டிக் கத்தியது.

"என்னம்மா இது?" என்றார் இமானுவேல்.

"எம் பொண்ணுங்க. தூங்கற நேரம், சத்தம் போடாதீங்க."

அவர் போனை எடுத்து மரத்தை நான்கு பக்கமும் படம் பிடித்தார். யாருடனோ தள்ளிப் போய்ப் பேசினார். திரும்பி வந்து, "வேலை நிறுத்தப்பட்டதுன்னு எழுதிடறேன், அவ்வளவுதான் என்னால முடியும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஏறுவதற்கு முன் ராதிகாவின் தூளியை இடிக்காமல் விலகிக் கடந்துபோனார். மாதேஸ்வரன் ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டார். "நீங்களும் காட்டுக்குப் போங்க அம்மணி, இனி இன்னிக்கு ஆரும் வர மாட்டாங்க" என்றார்.

சுகுணா மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை. சின்னுசாமி சோற்றுத் தூக்கைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, அவள் விட்ட வரிசையிலிருந்து கிழங்கு பிடுங்கப் போனான். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடத் தொடங்கினார்கள். முதலில் அவுட்டானது பொன்னாயியின் சின்னவன். எது ராதிகாவின் தூளி என்று ஒரு நிமிடம் தடுமாறி, ஆட்டுக்குட்டியை ஆட்டிவிட்டு, பிறகு சரியான தூளிக்கு வந்தான்.

மார்ச் மாதம் சறுக்கு மரமும் ஊஞ்சல்களும் எடப்புளி நாட்டில் வேறோர் ஊருக்குப் போயின. கரையங்காட்டுப்பட்டியில் பழைய சறுக்கே இருக்கிறது. கிழிந்த தகரத்தின் மேல் சாக்கு கட்டியிருக்கிறார்கள். பலா மரத்தின் வெள்ளை வளையம் சித்திரை மழையில் கரைந்துவிட்டது. தாழ்ந்த கிளையில் அந்த வருடமும் காயை வளரவிடவில்லை, பிஞ்சிலேயே அறுத்துவிட்டார்கள்.