தேர்வெழுதத் தகுதியுள்ளவள்

ஜேகோவின் படகு கடலில் வட்டமடித்துக்கொண்டிருந்ததை முதலில் பார்த்தவர்கள் வேறொரு படகில் இருந்தவர்கள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நண்டு பிடிக்கும் கூடுகளில் பாதி தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. ஆளை மட்டும் காணவில்லை. கூட்டோடு போகும் கயிறு காலில் மாட்டி இழுத்திருக்கும் என்று இங்கிலாந்தின் நியூலின் துறைமுகத்தில் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். யாரும் அதை அவன் அம்மாவின் காதுபடச் சொல்லவில்லை.

தங்கை கெரன்சா தான் படிக்கும் பிளிமத்திலிருந்து அடித்துப் பிடித்து ரயிலேறி வந்தாள். ஹெலிகாப்டர் தேடியது, மீட்புப் படகுகள் தேடின. மறுநாள் பொழுது சாய்ந்ததும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்த போலீஸ்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "பேரைப் பத்திரிகைக்குக் கொடுக்கலாமாம்மா? நீங்க சரின்னாதான் கொடுப்போம்" என்று கேட்டார்.

"எதுக்குக் கொடுக்கணும்?" என்றாள் அம்மா டெனிஸ். "வந்து நிக்கப் போறான். ஊரெல்லாம் சிரிக்கிறதுக்கா?"

மறுநாள் பேப்பரில் 'இருபத்துநான்கு வயது மீனவர்' என்று மட்டும் வந்தது.

கெரன்சா நர்சிங் இரண்டாம் ஆண்டு. எழுத்துகள் இடம்மாறித் தெரியும் டிஸ்லெக்ஸியா அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால் பல்கலைக்கழகத்தில் தனி அறையும் கூடுதல் நேரமும் கொடுத்திருந்தார்கள். அப்படியும் மருந்தியல் தேர்வில் ஒருமுறை தவறிவிட்டாள். "மாத்திரை எண்ண உனக்கு மூணு வருஷப் படிப்பா? நண்டு எண்ண வாடி, ஒரே நாள்ல பாஸ் போட்டுடறேன்" என்று ஜேகோ கிண்டலடித்திருந்தான். மறுதேர்வு அடுத்த வாரம். அதிலும் தவறினால் படிப்பை விட்டுப் போக வேண்டியதுதான்.

மாணவர் உதவி மையத்தில் இருந்த பிரிஜெட்டுக்குப் போன் செய்தாள். கூடுதல் நேரத்துக்கு ஏற்பாடு செய்து கொடுத்ததும் அவர்தான். விஷயத்தைச் சொன்னாள்.

"ஐயோ, கெரன்சா. நீங்க இப்ப எழுதவே வேண்டாம். தள்ளிவைக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டுடலாம். ஒரு ஆதாரம் மட்டும் வேணும். இறப்புச் சான்றிதழ்..."

"உடம்பு கிடைக்கலையே."

"சரி. பேப்பர்ல வந்திருந்தா அதுவே போதும். அண்ணன் பேர் இருக்கணும், அவ்வளவுதான்."

"பேர் வரலை."

"போலீஸ் ஒரு கடிதம் கொடுப்பாங்களே?"

போலீஸ்காரரைக் கேட்டாள். தாராளமாகத் தருகிறேன் என்றவர், நெருங்கிய உறவு அம்மாதான், அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார். டாக்டரிடம் சான்றிதழ் வாங்கலாமென்றால் தேர்வு முடிந்த பிறகுதான் நேரம் கிடைத்தது.

அன்று மாலை அம்மா, இறைச்சி அடைத்துச் சுடும் பாஸ்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மூன்று பேருக்கான மாவு.

"அம்மா, காலேஜுக்கு ஒரு லெட்டர் வேணும். அண்ணனுக்கு இப்படி ஆயிடுச்சுன்னு."

"எப்படி ஆயிடுச்சு?"

கெரன்சா மேசையில் சிந்தியிருந்த மாவைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"சொல்லேன். உன் பரீட்சைக்கு அவன் செத்திருக்கணுமா?"

சொன்ன பிறகு அம்மாவே அரண்டுபோனாள். மாவுக் கையோடு மகளைக் கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் கெரன்சா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தேர்வன்று காலை பிளிமத்துக்குப் போனாள். போகாமல் இருந்தால் பூஜ்யம். போனால் ஒருவேளை தேறலாம். அவளுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். சின்ன அறை, ஒரு மேசை. கண்காணிப்பாளர் வயதானவர், நல்ல மனுஷர். தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்தார். கேள்வித்தாளின் முன்பக்கத்தை அவளுக்குப் படித்துக் காட்டினார். தேர்வெழுதும் நிலையில் இருக்கிறேன் என்று ஒரு வரி, அதன் எதிரில் ஒரு சின்னக் கட்டம்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல" என்று டிக் அடித்தாள்.

முதல் கேள்வி ஒரு குழந்தையின் எடை, ஒரு மருந்தின் அளவு. படித்தாள். இன்னொரு முறை படித்தாள். எடை தெரிந்தது, மருந்து தெரிந்தது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மட்டும் பிடிபடவில்லை. கடல் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருந்திருக்கும், பூட்ஸுக்குள் எவ்வளவு சீக்கிரம் புகுந்திருக்கும் என்று மனம் தன்பாட்டுக்கு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

வெளியே கதவுகள் திறந்தன. மற்றவர்கள் எழுதி முடித்து, சிரித்துக்கொண்டே தாழ்வாரத்தில் போனார்கள். கெரன்சா பேனாவை மூடினாள்.

"இன்னும் நேரமிருக்கும்மா" என்றார் கண்காணிப்பாளர். "உனக்குக் கூடுதல் நேரம் இருக்கு. அவசரப்படாதே."

அவர் முகத்தில் இருந்த கனிவைப் பார்த்து எழுந்து போக முடியவில்லை. உட்கார்ந்திருந்தாள். வெற்றுத் தாளையும் அந்தக் குழந்தையின் எடையையும் பார்த்தபடி, கொடுத்த நேரம் முழுவதும் உட்கார்ந்திருந்தாள்.

தேறவில்லை. பிரிஜெட் தானாகவே போன் செய்தார்.

"தேர்வுக் குழுவில நான் சண்டையே போட்டேன். ஆனா எழுதிட்டீங்களே, கெரன்சா. எழுத உட்கார்ந்தாலே நல்லா இருக்கேன்னு சொன்ன மாதிரி எடுத்துக்கறாங்க. அதுதான் விதி. ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டிருந்தா?"

பிரிஜெட் பேச்சை மாற்றினார். "மேல்முறையீடு இருக்கு. கடைசித் தேதிக்குள்ள போலீஸ் கடிதம் ஒண்ணு வந்தா, அந்த நிலைமையில உங்களால சரியா முடிவெடுக்க முடியலைன்னு வாதாடிப் பார்ப்பேன். கடிதம் மட்டும் வேணும்."

கெரன்சா அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சமையலறைச் சுவர் மெல்லியது. அம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கடைசித் தேதிக்கு முதல்நாள் காலையில் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். எங்கேயும் போவதற்கு அல்ல, போன் பேச.

"அந்தப் போலீஸ்காரர் நம்பரைப் போடு. நானே சொல்றேன். உன் படிப்பும் போகணுமா?"

கெரன்சா நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். அம்மா நிமிர்ந்து நின்றாள்.

"டெனிஸ் பேசறேன். ஜேகோவோட அம்மா. ஆமா. என் பொண்ணுக்கு ஒரு லெட்டர் வேணும், சார். என் பையன் வந்து..."

நிறுத்தினாள்.

"என் பையன் வந்து... அவனுக்குக் கொஞ்சம் லேட்டாகுதுங்க. வழக்கமா இப்படிப் பண்ண மாட்டான். வந்ததும் உங்களுக்கே போன் பண்ணச் சொல்றேன்."

போலீஸ்காரர் ஏதோ மெதுவாகச் சொல்வது கேட்டது. அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கெரன்சா அவள் கையிலிருந்து போனை வாங்கி, "அப்புறம் கூப்பிடறோம் சார், நன்றி" என்று வைத்துவிட்டாள்.

"சொல்லிட்டேனா?" என்று கேட்டாள் அம்மா.

"சொல்லிட்டே, அம்மா."

அம்மாவின் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, நாற்காலியில் உட்கார வைத்தாள். தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அன்று பிற்பகலில் பிரிஜெட் இரண்டு முறை அழைத்தார். மறுநாள், கடைசித் தேதியன்று, ஒரு முறை. மேசை மேல் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. கெரன்சா அது விழாமல் பிடித்து நடுவில் வைத்தாள். எடுக்கவில்லை.