கேட்பாரற்ற வண்டியில் ஓர் அதிகாரி

ப்ரிக்ஸ்லி நகரக் கவுன்சிலில் கேட்பாரற்ற வண்டிகளுக்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். பெயர் மால்கம் ஹெப்வர்த். தெருவோரம் நாதியற்றுக் கிடக்கும் காரைப் பற்றி யாராவது புகார் சொன்னால் போய்ப் பார்ப்பார். வரி கட்டியிருக்கிறதா, சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று சோதிப்பார், சொந்தக்காரரைத் தேடுவார். ஆள் அகப்படாவிட்டால் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டுவார். கெடு முடிந்ததும் லாரி வரும், வண்டி கிடங்குக்குப் போகும், கடைசியில் நசுக்கும் இயந்திரத்துக்கு.

இந்த வேலைக்கு யாரும் மாலை போட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் தான் ஒருவர் இல்லாவிட்டால் ஊரே துருப்பிடித்துப் போகும் என்று உள்ளூர நம்பிக்கொண்டிருந்தார். கல்யாண வீடுகளில் மனைவி க்ளெனிஸ், "இவரு சட்டம் ஒழுங்கு பக்கம் இருக்காரு" என்று சொல்லிவைப்பாள். அவரும் மறுத்ததில்லை, முடிந்தவரை அதற்கேற்ற முகத்தோடு நிற்பார்.

பிளீச் தெருவில் ஒரு வேன் நின்றது. உள்ளே படுக்கவும் சமைக்கவும் வசதி செய்த பழைய வேன். அதன் சொந்தக்காரன் போர்ச்சுகலுக்குப் போனவன், போனவன்தான். எதிர்வீட்டு டோரின் பூத்ராய்ட் அம்மாள் கவுன்சிலுக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்திருந்தார். சன்னலில் நின்றால் பஸ் வருவது தெரிவதில்லை என்பது அவர் குறை. ஒருவழியாகக் கெடு முடிந்தது. லாரிக்காரன் டாரிலிடம் மால்கம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "நான் அங்க இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரி, வந்ததும் தூக்கிடு. சும்மா நின்னு கதை பேசிக்கிட்டிருக்காத."

அன்று மால்கம் சீக்கிரமே வந்துவிட்டார். லாரியைக் காணோம், மழை மட்டும் வந்தது. தூக்குவதற்கு முன் உள்ளே ஒருமுறை பார்த்துவிடுவது வழக்கம். பக்கத்துக் கதவு பூட்டியிருக்கவில்லை, ஏறினார். உள்ளே மெத்தை போட்ட இருக்கை ஒன்றும் சிறு மேசை ஒன்றும் இருந்தன. வெளியே சாரல் சுற்றிச் சுற்றி அடித்தது. கதவை இழுத்து மூடிவிட்டுச் சட்டைப்பையிலிருந்த சாண்ட்விச்சைப் பிரித்தார். இதையும் பார்வையிடும் பணியின் ஒரு பகுதியாகவே கருதிக்கொண்டார்.

பாதி தின்றிருந்தபோது லாரிச் சத்தம் கேட்டது. இறங்கலாமென்று கைப்பிடியை இழுத்தார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது, கதவு வரவில்லை. முன்பக்கம் போகலாமென்றால் ஓட்டுநர் இருக்கைக்கும் இதற்கும் நடுவே பலகை அடித்திருந்தது. பாசியேறிய சன்னல் அசையவே இல்லை. கண்ணாடியைத் தட்டினார், கத்தினார். டாரில் காதை அடைத்துக்கொண்டு கிரேனை இயக்குகிறவன். வந்தான், பட்டையை மாட்டினான், தூக்கினான். மால்கமுக்குத் தரை மறைந்து தெருவிளக்குகள் தெரிந்தன.

டோரின் மட்டும் அவர் முகத்தைப் பார்த்தார். மங்கிய கண்ணாடிக்குப் பின்னால் கையாட்டும் ஓர் உருவம். போர்ச்சுகல்காரன் திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு வாசலுக்கே ஓடிவந்தார்.

"போய்த் தொலைடா! இத்தனை நாளா எங்கடா ஒளிஞ்சிருந்த? அங்கயே கிட!"

மால்கம் இன்னும் வேகமாகக் கையை ஆட்டினார். டோரினும் ஆட்டினார், வேறு மாதிரி.

லாரி நகர்ந்தது. மால்கம் டாரிலுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொட்டால் வேலையை விட்டு அனுப்பிவிடுவேன் என்று போன வாரம்தான் அவனை மிரட்டியிருந்தார். தீயணைப்புப் படையைக் கூப்பிடலாம். மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். வேறு வழியில்லாமல் கவுன்சில் எண்ணை அழுத்தினார். முதலில் வந்தது அவருடைய குரலே. "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். பொறுமையாக இருங்கள்." எத்தனை முறை பேசிப் பேசிப் பதிவுசெய்த குரல்! எப்பேர்ப்பட்ட தலைக்கனம் பிடித்த ஆள் இவன் என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது.

கடைசியில் நஸ்ரீன் எடுத்தாள். அவருடைய பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். "சொல்லுங்க, வண்டி எங்க நிக்குது?"

"நிக்கல. ஓடிக்கிட்டிருக்கு."

"ஓடுற வண்டி எங்க பிரிவு இல்லீங்க."

"நஸ்ரீன், நான்தான் மால்கம்! பிளீச் தெரு வேனுக்குள்ள மாட்டிக்கிட்டேன். டாரில் என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போறான்."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மால்கம், உள்ள ஆள் இருந்தா அது கேட்பாரற்ற வண்டியே இல்ல. அதத் தூக்கவும் கூடாது. பயிற்சியில நீங்கதான் படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க."

"நான் என்ன அங்க குடியா இருக்கேன்? சாண்ட்விச் திங்க ஏறினேன்மா!"

"உள்ளயே சாப்பிட்டீங்களா? அப்போ இந்தப் புகார வீட்டுவசதிப் பிரிவுக்குத்தான் அனுப்பணும்." அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. அவள் சிரிப்புக்குப் பின்னால் அலுவலகமே சிரிப்பது கேட்டது.

மால்கம் போனை வைத்துவிட்டு மெத்தையில் சாய்ந்தார். முதலில் காது சுட்டது. பிறகு லாரி மேட்டில் ஏறியபோது கீழே ஊர் தெரிந்தது. மழை ஈரத்தில் கூரைகள், புகைபோக்கி, அப்பால் பச்சைக் குன்று. முப்பது வருடமாக இந்த ஊரில் சக்கரங்களை மட்டுமே பார்த்துக் குனிந்து நடந்திருக்கிறோமே என்று நினைத்தார். மிச்சமிருந்த சாண்ட்விச்சையும் எடுத்துத் தின்றார்.

கிடங்கில் கதவைத் திறந்த டாரில் இரண்டடி பின்னால் பாய்ந்தான். "யப்பா! நீங்களா? உள்ள என்ன பண்றீங்க?"

"சோதனை."

"உதட்டுல சீஸ் ஒட்டியிருக்கு, மால்கம்."

விதி விதிதான். ஆள் இருந்த வண்டி என்று நஸ்ரீன் பதிந்துவிட்டாள். வேனைத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவள் மேல் கோபப்படலாமா என்று மால்கம் யோசித்தார். அவள் செய்தது அச்சு அசல் அவருடைய பாடம். வேனைத் திரும்ப விட, லாரியில் டாரிலின் பக்கத்தில் உட்கார்ந்து தானே போனார்.

வேன் பழைய இடத்தில் இறங்குவதைப் பார்த்த டோரின் இடுப்பில் கை வைத்தார். "என்ன கண்ணு இது? சனியனத் தொலைச்சேன்னு இப்பத்தான் கேக் சுட்டேன். உள்ள இருந்தவன் எங்க?"

மால்கம் தொப்பியைக் கழற்றினார். "நான்தான்மா அது."

டோரின் அவரை மேலும் கீழும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று மால்கம் தோளைக் குறுக்கினார். டோரின் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "உள்ள வா. அந்தக் கேக்கை நீயே வந்து தின்னு. உன்னத் திட்டினதுக்கு வருத்தப்படுவேன்னு மட்டும் நினைக்காத."

அன்று இரவுச் சாப்பாட்டில் மால்கம் க்ளெனிஸிடம் ஒன்று விடாமல் சொன்னார். மறைத்துப் பயனில்லை, நஸ்ரீனின் அத்தை க்ளெனிஸ் போகும் முடிதிருத்தும் கடையில்தான் வேலை பார்க்கிறாள். டோரின் ஆட்டிய கையை நடித்துக் காட்டியபோது க்ளெனிஸுக்குப் புரையேறியது. தன்னுடைய எந்தச் சாதனைக்கும் அவள் இப்படிக் கண்ணில் நீர் வரச் சிரித்ததில்லை என்பதை மால்கம் கவனித்தார்.

அதன் பிறகு பாரிலோ பஸ்ஸிலோ யார் ஜாடையாகப் பார்த்தாலும், அவர்கள் வாய் திறப்பதற்குள் அவரே கதையைத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு தடவையும் தன்னை இன்னும் கொஞ்சம் முட்டாளாக்கிச் சொன்னார். அவ்வளவாக மிகைப்படுத்தத் தேவைப்படவில்லை என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே வருத்தம்.